பிப்ரவரி 30-ஐ என்ன செய்வது?

(கணினி பயிலும் மாணவர்களும் மென்பொருள் துறையினரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மென்பொருளிடம் 2015-02-30 என்று ஒரு தேதியைக் கொடுக்கிறோம். பிப்ரவரிக்கு முப்பதாம் தேதி கிடையாது. மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? உங்களில் யாரைக் கேட்டாலும், பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பீர்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் எல்லாம் அப்படி நடந்துகொள்வதில்லை. ஜாவாவின் பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட், தடுக்கச் சொல்லாவிட்டால், அதை மார்ச் 2 என்று எடுத்துக்கொள்ளும். அதே ஜாவாவில் 2014-இல் வந்த புதிய தேதித் தொகுப்பிடம் நாமே ஒரு வடிவத்தை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், பிப்ரவரி 28 என்று எடுத்துக்கொள்ளும். பழைய மைஎஸ்க்யூஎல் 0000-00-00 என்று எழுதி வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும்.

ஒரே உள்ளீடு, நான்கு விடைகள். நான்கையும் எழுதியவர்கள் திறமைசாலிகள்தான். நான்கையும் நம்பி இன்றைக்கும் நிரல்கள் ஓடுகின்றன. இனிமேல் எல்லாரும் கண்டிப்பாக இருப்போம் என்று ஒரு நாள் காலையில் முடிவெடுத்தால், அன்று மாலைக்குள் யாருடைய வேலையாவது நின்றுபோகும். அந்த ஆள் அன்றைக்கு எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார். கண்டிப்பும் வேண்டும், பழைய நிரல்களும் ஓட வேண்டும் என்ற இந்த இழுபறியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தாராளம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1980-இல் ஜான் போஸ்டல் தொகுத்த டிசிபி வரையறையில் ஓர் அறிவுரை இருந்தது. நீ அனுப்புவதில் கண்டிப்பாக இரு, பிறர் அனுப்புவதைப் பெறும்போது தாராளமாக இரு என்பது அதன் சாரம். வெவ்வேறு பல்கலைக்கழகங்களில், வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு ஆட்கள் எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று பேச வேண்டியிருந்த காலம் அது. சின்னப் பிழைக்கெல்லாம் கதவைச் சாத்தியிருந்தால் இணையம் வளர்ந்தே இருக்காது. அந்த அறிவுரைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் தேதி விஷயத்தில் அந்தத் தாராளத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. ஊர்த் தபால்காரர், பின்கோடு தப்பாக இருந்தாலும் கடிதத்தை உரிய வீட்டில் சேர்த்துவிடுவார். அந்தக் குடும்பத்தை அவருக்குத் தெரியும். மென்பொருளுக்கு நம்மைத் தெரியாது. 03-04-2024 என்ற தேதியைப் பார்த்து அது ஊகிக்கும்போது, எழுதியவர் மதுரையில் இருக்கிறாரா மயாமியில் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. என்றைக்கோ யாரோ எழுதிவைத்த ஒரு வரிசைப்படி அது ஏப்ரல் 3 என்றோ மார்ச் 4 என்றோ முடிவு செய்துவிடும். இரண்டுமே இருக்கக்கூடிய தேதிகள் என்பதால் எங்கேயும் மணி அடிக்காது.

2023-இல் மார்ட்டின் தாம்சனும் டேவிட் ஷினாசியும் எழுதிய ஆர்எஃப்சி 9413, போஸ்டலின் அறிவுரையை நேருக்கு நேர் மறுபரிசீலனை செய்கிறது. அவர்கள் வாதம் இதுதான்: ஒரு பிழையைப் பொறுத்துக்கொண்டால், பிழை செய்தவருக்கு அது பிழை என்றே தெரியாமல் போகிறது. நாளடைவில் அந்தப் பிழையே எழுதப்படாத விதியாகிவிடும். புதிதாக வருகிறவரும் அந்தப் பிழையைச் சேர்த்தே ஏற்றுக்கொண்டாக வேண்டும். தேதியைக் கையாளும் மென்பொருள்களின் வரலாறு முழுக்க இதற்குச் சான்று.

அவற்றில் மைஎஸ்க்யூஎல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1995-இல் பிறந்த தரவுத்தளம் அது. வேகம்தான் அதன் பெருமை. தப்பான தேதி வந்தால் வேலையை நிறுத்தாமல், 0000-00-00 என்று எழுதிவிட்டு ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்யும். அந்த எச்சரிக்கையை நாமாகக் கேட்டால்தான் காட்டும். கேட்பவர்கள் குறைவு. சில ஆண்டுகளில் நிரலாளர்கள் அந்தப் பூஜ்யத் தேதியையே ஒரு கருவியாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்னும் வெளியிடவில்லை, இன்னும் ஒருமுறைகூட உள்ளே நுழையவில்லை, காலாவதியே இல்லை – இப்படி எல்லாவற்றுக்கும் பூஜ்யத் தேதி. வெற்று மதிப்பைவிட இது சில சமயம் வசதி, இடமும் குறைவாகப் பிடிக்கும் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே சொல்லிக்கொடுத்தது.

வேர்ட்பிரஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பதிவுகள் அட்டவணையில் தேதிப் பத்திகளுக்கு இயல்பு மதிப்பே முழுப் பூஜ்யம். நீங்கள் ஒரு வரைவை எழுதி, வெளியிடாமல் சேமித்தால், அதன் கிரீன்விச் நேரப் பத்தியில் 0000-00-00 00:00:00 உட்கார்ந்திருக்கும். அங்கே அது பிழை இல்லை. இந்த வரைவுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை என்ற செய்தி அது. தரவுத்தளத்தின் சோம்பலாகத் தொடங்கிய ஒன்று, இன்னொரு மென்பொருளின் இலக்கணமாகிவிட்டது.

2005-இல் வந்த 5.0 பதிப்பில் மைஎஸ்க்யூஎல் ஒரு கண்டிப்பு முறையைக் கொண்டுவந்தது. வேண்டும் என்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து, 2015-இல் 5.7 பதிப்பில்தான் சர்வரின் இயல்பு நிலையே கண்டிப்பானது. பத்தாண்டு அவகாசம் கொடுத்த பிறகும் என்ன நடந்தது என்று பாருங்கள். பதிப்பை ஏற்றுகிறீர்கள். பழைய தரவு எல்லாம் அப்படியே இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. நிம்மதியாக இருக்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்து அந்த அட்டவணையில் தொலைபேசி எண்ணுக்காக ஒரு புதிய பத்தி சேர்க்கப் போகிறீர்கள். அட்டவணையை மாற்றும் கட்டளையைக் கொடுத்ததும் பிழை வருகிறது: தேதிப் பத்தியின் இயல்பு மதிப்பு செல்லாது. நீங்கள் தேதியைத் தொடவே இல்லை. தொட்டது தொலைபேசி எண்ணை. இந்தப் பிழையின் முன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

வேர்ட்பிரஸ் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. 2014-இல் வந்த 3.9 பதிப்பு முதல், தரவுத்தளத்தோடு இணைப்பு ஏற்படுத்தியதும் கண்டிப்பு முறைகளையும் பூஜ்யத் தேதித் தடையையும் அந்த இணைப்புக்கு மட்டும் அணைத்துவிடுகிறது. கோடிக்கணக்கான பக்கங்கள் உடையாமல் தப்பின. இதைக் குறுக்கு வழி என்று நான் சொல்ல மாட்டேன். மைஎஸ்க்யூஎல் குழு அந்த முறைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து, இணைப்புவாரியாக அணைக்கவும் வழி கொடுத்திருந்ததால்தான் அது முடிந்தது. 5.7-இன் சோதனைப் பதிப்புகளில் இந்தத் தனித்தனிப் பெயர்களையெல்லாம் கண்டிப்பு முறை என்ற ஒரே பெயருக்குள் கரைத்துப் பார்த்தார்கள்; பிறகு 5.7.8-இல் திரும்பப் பிரித்துவிட்டார்கள். சரியான முடிவு. கண்டிப்பை மொத்தமாகக் கொடுத்தால், ஒன்றை ஏற்க முடியாதவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்விடுவார்.

இனி நம் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று. தரவுப் பகுப்பாய்வு செய்கிறவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்தாதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். 2.0-க்கு முந்தைய பாண்டாஸில் ஒரு பத்தி முழுக்கத் தேதிகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக வடிவத்தை ஊகிக்கும். 12-01-2000 என்றால் முதலில் இருப்பது மாதம் என்று கொண்டு டிசம்பர் 1. அடுத்த வரியில் 13-01-2000 என்றால், பதின்மூன்றாம் மாதம் கிடையாது, ஆகவே முதலில் இருப்பது நாள் என்று கொண்டு ஜனவரி 13. ஒரே பத்தியில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் பத்து மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் பிரிந்து நிற்கும். நாளை முதலில் எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. ஆனால் அதுவும் கட்டளையாக இல்லாமல் விருப்பமாகவே கருதப்பட்டது.

இது எவ்வளவு பெரிய தவறு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள், மாதம், ஆண்டு என்று நாம் எழுதுகிற வரிசையில் ஓர் ஆண்டின் 365 நாட்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் இரண்டு விதமாகவும் படிக்கக் கூடியவை, மொத்தம் 144. அவற்றில் 1-1, 2-2 என்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பவை 12. மீதி 132 நாட்கள் தப்பான தேதிக்குப் போய்விடும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இதைவிட மோசமானது, தவறு வெளியே தெரியாத விதம். இடம் மாறிய ஒவ்வொரு நாளும் அதே ஆண்டுக்குள்தான் விழுகிறது. ஆகவே ஆண்டின் மொத்த விற்பனை பைசா சுத்தமாகப் பொருந்தும். ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை நாட்கள் இருக்க வேண்டுமோ அத்தனையும் இருக்கும். எங்கேயும் காலியிடம் தெரியாது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. ஒரு துணிக்கடையின் விற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 10-11-2023 அன்று நடந்த விற்பனை அக்டோபர் 11-க்குப் போகும். 11-11 தப்பிக்கும். தீபாவளி நாளான 12-11, டிசம்பர் 11-க்குப் போகும். 13-11 சரியான இடத்தில் இருக்கும். வரைபடத்தில் ஒரே மலையாக எழ வேண்டிய பண்டிகை விற்பனை மூன்று மாதங்களில் சிறு மேடுகளாகச் சிதறிக் கிடக்கும். மாத வாரியாகப் பார்த்துச் சரக்கு வாங்குகிறவர் அடுத்த ஆண்டு தப்பாக வாங்குவார். தவறு எங்கே நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0 இதை மாற்றியது. முதல் மதிப்பைப் பார்த்து வடிவத்தை ஒருமுறை ஊகிக்கும். பிறகு பத்தி முழுக்க அதையே பிடித்துக்கொள்ளும். பொருந்தாத வரி வந்தால் நின்றுவிடும். நிற்கும்போது அது கொடுக்கும் செய்தியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எந்த மதிப்பு பொருந்தவில்லை, எந்த வடிவத்தோடு பொருந்தவில்லை, எத்தனையாவது இடத்தில் என்று சொல்கிறது. பிறகு உங்களுக்கு முன் இருக்கும் வழிகளையும் சொல்கிறது: வடிவத்தைக் கொடுங்கள், எல்லாமே ஐஎஸ்ஓ வடிவமென்றால் அப்படிச் சொல்லுங்கள், உண்மையிலேயே கலவையான வடிவங்கள் என்றால் கலவை என்று கேளுங்கள். பழைய நடத்தை ஒழிக்கப்படவில்லை. கேட்டால் கிடைக்கும். கேட்காமல் கிடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் நின்றது. உங்கள் பத்தியில் 12-க்கு மேற்பட்ட நாளே வராவிட்டால் 2.0 பதிப்பும் தப்பாகவே வாசிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஊகம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுப்பதற்கு ஈடு கிடையாது.

என்னைப் பொறுத்தவரை, கண்டிப்புக்கு மாறும்போது எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்பதற்கு இந்த மாற்றம்தான் அளவுகோல். நேற்று ஏற்றுக்கொண்ட ஓர் உள்ளீட்டை இன்று மறுக்கலாம். மறுத்தால் வேலை நிற்கும், ஆள் பார்ப்பார், திருத்துவார். நேற்று ஒரு தேதியாகப் படித்ததை இன்று வேறொரு தேதியாகச் சத்தமில்லாமல் படிக்கக் கூடாது. முதலாவதில் கோபம் வரும். இரண்டாவதில் தப்பான பட்டுவாடா, தப்பான வட்டி, தப்பான வயது எல்லாம் வரும். ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அந்த இரண்டாவது தவறு ஒரு மொழியின் வரையறைக்குள்ளேயே நடந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருள் 1995-இல், ஜாவாவின் தேதி வகுப்பைப் பார்த்து அவசரமாக எழுதப்பட்டது. எந்தெந்தச் சரங்களைத் தேதியாக ஏற்க வேண்டும் என்று 2009 வரை வரையறையே கிடையாது. ஒவ்வோர் உலாவியும் தன் விருப்பப்படி செய்தது. 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஐஎஸ்ஓ 8601-ஐ ஒட்டி ஒரு வடிவத்தைக் குறித்தது. நேர வலயம் சொல்லாவிட்டால் கிரீன்விச் நேரம் என்று வைத்தது. ஐஎஸ்ஓவின்படி வலயம் சொல்லாத நேரம் உள்ளூர் நேரம். தவறைத் திருத்த 2015 பதிப்பில் உள்ளூர் நேரம் என்று மாற்றினார்கள். ஆனால் அதற்குள் எத்தனையோ தளங்கள் வெறும் தேதியைக் கிரீன்விச் நேரமாகவே நம்பி எழுதப்பட்டிருந்தன. 2016 பதிப்பில் ஒரு சமரசம் வந்தது: தேதி மட்டும் இருந்தால் கிரீன்விச், தேதியோடு நேரமும் இருந்தால் உள்ளூர். இன்றைக்கும் அதுதான் விதி.

இதில் இந்தியாவில் வேலை செய்கிற நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2024-01-15 என்று எழுதினால் அது கிரீன்விச் நள்ளிரவு. சென்னையில் அப்போது அதே 15-ஆம் தேதி காலை ஐந்தரை மணி. நாள் மாறவில்லை, நம் மேசையில் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதே நிரலை நியூயார்க்கில் ஒருவர் திறந்தால் அங்கே 14-ஆம் தேதி இரவு ஏழு மணி. அவருடைய பிறந்த நாள் ஒரு நாள் முன்னால் தெரியும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே உட்கார்ந்து மேற்கே இருப்பவர்களுக்கு நிரல் எழுதுகிற ஒவ்வொருவரும், தங்கள் கணினியின் நேர வலயத்தை அமெரிக்காவுக்கு மாற்றி ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

கண்டிப்பைப் பற்றி இவ்வளவு பரிந்து பேசிவிட்டு, கண்டிப்பினால் வந்த ஒரு தொல்லையையும் சொல்லாமல் போவது நியாயமில்லை. உலக மொழிகளில் தேதி, நேரம் எழுதும் முறைகளைத் தொகுக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுத்தொகுப்பின் 42-ஆம் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அதில் ஆங்கில நேரத்தில் எண்ணுக்கும் ஏஎம், பிஎம் குறிக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி முறியாத குறுகிய இடைவெளி ஒன்றை வைத்தார்கள். அச்சுக்கலை நோக்கில் நல்ல மாற்றம். நேரம் ஒரு வரியிலும் பிஎம் அடுத்த வரியிலும் போய் விழாது. கண்ணுக்கு இரண்டு இடைவெளிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தேதியை வாசிக்கும் நிரலுக்குத் தெரியும். 2023 தொடக்கத்தில் அந்தத் தரவு உலாவிகளுக்கும், மார்ச்சில் ஜாவா 20-க்கும் வந்து சேர்ந்தபோது, உலாவி தானே எழுதிய நேரத்தைத் தானே வாசிக்க முடியாமல் நின்றது. திரையில் பார்த்தால் 3:30 பிஎம் என்று சரியாகத்தான் இருக்கிறது. வாசிக்கச் சொன்னால் செல்லாத தேதி என்கிறது.

குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எழுதும் பக்கத்தில் பழைய இடைவெளியையே திரும்பக் கொண்டுவந்தன. ஜாவா வேறு வழியைத் தேர்ந்தது. 2024-இல் வந்த ஜாவா 23-இல், தளர்வு முறையில் வாசிக்கும்போது எல்லா வகை இடைவெளிகளும் ஒன்றாகக் கொள்ளப்படும். கண்டிப்பு முறையில் வேறு வேறுதான். எனக்கு ஜாவாவின் தீர்வு பிடித்திருக்கிறது. இடைவெளி எந்த வகையாக இருந்தாலும் மூன்றரை மணி மூன்றரை மணிதான். பொருளை மாற்றாத வேறுபாட்டை ஏற்பதில் ஊகமே இல்லை. நாளா மாதமா என்று தெரியாமல் ஏற்பதுதான் ஊகம். தாராளம் என்ற ஒரே பெயரில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம் துறையில் பாதி விவாதங்கள் முடியாமல் இழுத்துக்கொண்டு போகின்றன.

ஆனால் அதே ஜாவாவின் இயல்பு முறை ஏப்ரல் 31-ஐ ஏப்ரல் 30 என்று சுருக்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. ஒரு தவணைத் தேதியில் 31 என்று எழுதியவர் மாதத்தைத் தப்பாக எழுதினாரா நாளைத் தப்பாக எழுதினாரா என்று யாருக்குத் தெரியும்? கண்டிப்பு முறைக்கு மாறலாம்தான். ஆனால் அங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஆண்டைக் குறிக்க எல்லாரும் கைப்பழக்கமாக எழுதும் நான்கு ஒய் எழுத்துகள் கண்டிப்பு முறையில் போதாது. அது சகாப்தத்தோடு சேர்ந்த ஆண்டைக் குறிப்பதால், கிமுவா கிபியா என்று சொல்லாவிட்டால் நல்ல தேதியையும் மறுத்துவிடும். நான்கு யூ எழுத வேண்டும். இது தெரியாமல் கண்டிப்பு முறையைப் போட்டு, எல்லாத் தேதியும் மறுக்கப்படுவதைப் பார்த்துப் பயந்து பழையதற்கே திரும்பியவர்கள் உண்டு. கண்டிப்பைக் கொடுக்கிறவர்கள் அதற்குப் போகும் பாதையையும் சீராக்கிக் கொடுக்க வேண்டும்.

இந்த இழுபறியை நன்றாகத் தீர்த்தவர்கள் யார் என்று கேட்டால், இணைய நெறிமுறைகளை எழுதியவர்களைத்தான் சொல்வேன். எச்டிடிபி நெறிமுறையில் மூன்று தேதி வடிவங்கள் உண்டு. பெறுகிறவர் மூன்றையும் ஏற்றாக வேண்டும். அனுப்புகிறவர் ஒன்றை மட்டுமே எழுதலாம். மற்ற இரண்டும் பழசு என்று பெயரிட்டே வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். அதை எப்படிப் படிப்பது என்பதையும் வரையறையே சொல்லிவிடுகிறது: ஐம்பது ஆண்டுக்கு மேல் எதிர்காலத்தில் விழுந்தால், அதே கடைசி இரண்டு இலக்கம் கொண்ட அண்மைய கடந்த ஆண்டு. மின்னஞ்சலிலும் 2001 முதல் இதே ஏற்பாடுதான். பழைய வடிவத்தை ஏற்க வேண்டும், எழுதக் கூடாது.

குக்கீக்கு 2011-இல் ஆடம் பார்த் எழுதிய ஆர்எஃப்சி 6265 இன்னும் ஒரு படி மேலே போனது. குக்கீ காலாவதித் தேதிகளைச் சர்வர்கள் கண்டபடி எழுதிக்கொண்டிருந்தன. அவற்றை மறுத்தால் இணையமே முடங்கும். ஆகவே தாராளமாக வாசிப்பதற்கே படிப்படியான ஒரு செய்முறையை எழுதிவைத்தார்: சரத்தை இப்படித் துண்டாக்கு, இந்த வரிசையில் நேரத்தையும் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் தேடு, நாள் 31-ஐத் தாண்டினாலோ ஆண்டு 1601-க்குக் கீழே போனாலோ தள்ளிவிடு. எல்லா உலாவியும் இதைப் பின்பற்றினால் எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். தாராளத்துக்கே கண்டிப்பான இலக்கணம் எழுத முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அப்படி எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும்? பிறந்த ஆண்டு 60 என்று ஒரு பழைய பதிவேட்டில் இருக்கிறது. எக்செல் அதை 1960 என்று படிக்கும். மைஎஸ்க்யூஎல் 2060 என்று படிக்கும். ஓய்வூதியம் வாங்குகிற ஒருவர் இன்னும் பிறக்கவே இல்லை.

எக்செல் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 1900 ஆம் ஆண்டு லீப் ஆண்டு இல்லை. ஆனால் எக்செலில் 1900 பிப்ரவரி 29 உண்டு. லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழை அது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அதைத் திருத்தினால் உலகத்தின் எல்லாப் பழைய கோப்புகளிலும் தேதிகள் ஒரு நாள் நகரும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றியதில் குறை காண்கிறேன். செப்ட்2, மார்ச்1 என்று பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செல் பட்டியலை இணைத்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுப் பெயர்க்குழு பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. தானாக மாற்றுவதை அணைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் கொடுத்தது. ஒரு மென்பொருளின் ஊகத்துக்கு அறிவியல் வழிவிட்டது. மென்பொருள் அறிவியலுக்கு வழிவிட்டிருக்க வேண்டும்.

புதிதாக நூலகம் எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பைத்தான் சென்ற வழி. 2018-இல் வந்த 3.7 பதிப்பில் ஐஎஸ்ஓ தேதியை வாசிக்க ஒரு புதிய வழிமுறை சேர்ந்தது. தானே எழுதிய வடிவத்தைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. கிரீன்விச்சைக் குறிக்கும் இசட் எழுத்தைக்கூட ஏற்கவில்லை. நிறையப் பேர் எரிச்சலடைந்தார்கள். 2022-இல் வந்த 3.11 பதிப்பில் ஐஎஸ்ஓ வடிவங்கள் பெரும்பாலானவற்றையும் ஏற்கும்படி விரித்தார்கள். முன்பு ஓடிய நிரல்கள் அப்படியே ஓடின. இறுக்கத்திலிருந்து தளர்வுக்குப் போக ஒரு பதிப்பு போதும். தளர்விலிருந்து இறுக்கத்துக்கு வர மைஎஸ்க்யூஎல்லுக்குப் பத்தாண்டு பிடித்தது.

பழைய நூலகத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் முதலில் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கை கண்ணில் படும் இடத்தில் வர வேண்டும். அதில் எந்த மதிப்பு, எந்த வரி என்று இருக்க வேண்டும். அடுத்த பெரிய பதிப்பில் இயல்பு நிலையை மாற்றலாம். பழைய நடத்தைக்கு ஒரு பெயர் வைத்து, கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கண்டிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஆட்களைப் பற்றியது. நம் பாட்டிகளில் எத்தனை பேருக்குப் பிறந்த தேதி தெரியும்? ஆண்டு தெரியும், அல்லது எந்தப் புயலுக்கு அடுத்த ஆண்டு என்று தெரியும். படிவம் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கட்டாயம் கேட்கிறது. மேசையில் இருப்பவர் ஜனவரி 1 என்று போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். மென்பொருளின் கண்ணில் அது குறையில்லாத தேதி. உண்மையில் அது பொய்த் தேதி. கண்டிப்பு இங்கே பிழையைத் தடுக்கவில்லை, பிழைக்கு நல்ல சட்டை போட்டு உள்ளே விட்டிருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுத இடம் கொடுக்காத கண்டிப்பு நியாயமானது இல்லை. அதற்குத் தரமும் இருக்கிறது: 2019-இல் வந்த ஐஎஸ்ஓ 8601-இன் இரண்டாம் பாகம், தெரியாத நாளுக்கும் மாதத்துக்கும் அடையாளக் குறி இட்டு எழுத வழி செய்திருக்கிறது. பழைய மைஎஸ்க்யூஎல் நாளும் மாதமும் பூஜ்யமாக ஆண்டை மட்டும் சேமிக்க விட்டதும் இந்தத் தேவைக்குத்தான். அதைத் தடை செய்தவர்கள் பலரும் மாற்று வழி கொடுக்காமலே தடை செய்தார்கள்.

நீங்கள் இங்கிருந்து போனதும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிரல்களில் தேதியை வாசிக்கும் ஒவ்வொரு வரியையும் தேடி எடுங்கள். வடிவம் சொல்லாமல் வாசிக்கும் இடங்களில் வடிவத்தை எழுதிச் சேருங்கள். ஐந்து தேதிகளைக் கொடுத்துச் சோதியுங்கள்: பிப்ரவரி 30, 13-01, 01-13, ஆண்டு மட்டும், வெறும் வெற்றுச் சரம். எதையாவது உங்கள் நிரல் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டால், அது யாருடைய தேதியாக இருக்கக்கூடும் என்று விசாரித்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்துங்கள்.